பரங்கிமலையில் தொடங்கிய தேடல்

சென்னை அசோக் நகருக்கு வந்தவர் எவரும் அங்குள்ள தூணைப் பாராமல் சென்றிருக்க முடியாது. சாரநாத்தில் மாமன்னர் அசோகர் நிறுவிய சிங்கத் தூணின் சாயலில் எழுப்பப்பட்ட அத்தூணின் உச்சியில் சிங்கங்கள் நான்கு திசைகளையும் நோக்கியபடி அமர்ந்திருக்கின்றன. 1960களில் இப்பகுதி குடியிருப்பாக வளரத் தொடங்கிய நாள் முதல் வழிகேட்போருக்கெல்லாம் அந்தத் தூண்தான் விடை. "தூணிலிருந்து இடப்பக்கம் திரும்பி மூன்றாவது தெரு" என்று சொன்னால் போதும், உறவினர் வீடு வந்து சேர்வர். இங்குள்ள தெருக்கள் பலவற்றிற்குப் பெயர் இல்லை, எண்தான் உண்டு. எண்களால் முகவரி சொல்லிப் பழகியவர்கள் நாங்கள்.

சென்ற கோடை விடுமுறைக்குக் கனடாவிலிருந்து என் மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். பதினான்கு வயது. ஒரு மாலை அந்தத் தூணின் அருகே நின்றபோது அவன் கேட்டான்: "தாத்தா, நீங்கள் சிறுவயதில் இருந்த வீடு எங்கே? எண்களைச் சொல்லுங்கள், நானே கண்டுபிடிக்கிறேன்." நான் தெரு எண்ணையும் கதவு எண்ணையும் சொன்னேன். அவன் சிரித்தான். அவன் கேட்டது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை!

எங்கள் வீடு இருந்த இடத்திற்கு அவனை அழைத்துச் சென்றேன். என் தந்தையார் தவணை முறையில் பணம் கட்டி வாங்கிய வீடு அது. இன்று அங்கே நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறது. வாயிற்காவலர் எங்களைச் சற்று ஐயத்தோடு பார்த்தார். பேரன் கைப்பேசியைப் பார்த்துத் தன் குறிப்பேட்டில் இரண்டு எண்களை எழுதிக்கொண்டான். "வீடு போனாலும் இடம் இருக்கிறது தாத்தா" என்றான். அந்தச் சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. இடம் என்றால் என்ன? அதை எண்ணால் குறிக்க மனிதன் எப்போது, எங்கே, என்ன விலை கொடுத்துக் கற்றுக்கொண்டான்? விடையைத் தேடிப் போனபோது அது அசோக் நகரிலிருந்து கூப்பிடு தூரத்தில், நாம் செபமாலையோடு படியேறும் பரங்கிமலையிலேயே இருக்கக் கண்டேன்.

பெட்டியைத் தேடும் விளையாட்டு

முதலில் என் பேரனின் பொழுதுபோக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு ஜியோகேச்சிங் என்று பெயர். ஒருவர் நீர் புகாத சிறு பெட்டி ஒன்றை ஓர் இடத்தில் மறைத்து வைப்பார். பெட்டிக்குள் ஒரு குறிப்பேடும் சில சிறு பொருள்களும் இருக்கும். அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை மற்றவர்களுக்கு அறிவிப்பார். தேடுவோர் செயற்கைக்கோள் வழிகாட்டும் கருவியின் துணையால் அவ்விடத்தை அடைந்து, பெட்டியைக் கண்டெடுத்து, குறிப்பேட்டில் தம் பெயரையும் நாளையும் எழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்புவர். பரிசு இல்லை, போட்டியும் இல்லை. கண்டேன் என்ற நிறைவு ஒன்றே பேறு.

இவ்விளையாட்டிற்குத் துல்லியமான பிறந்த நாளே உண்டு. அமெரிக்கப் படைத்துறை அமைத்த ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் குறிகளில், பொதுமக்கள் பயன்பாட்டுக்கு உரியவை வேண்டுமென்றே பிழைபடுத்தப்பட்டிருந்தன. அதனால் கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை தவறக்கூடும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அதிபர் கிளின்டனின் ஆணைப்படி அந்தப் பிழை நீக்கப்பட்டது. ஒரே இரவில் உலகெங்கும் உள்ள கருவிகள் பன்மடங்கு துல்லியமாயின. மே 3 அன்று ஓரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்ற கணினிப் பொறியாளர், சில பொருள்களை ஒரு கறுப்பு வாளியிலிட்டுக் காட்டுப் பகுதியில் வைத்து, எண்களை அறிவித்தார். சில நாள்களுக்குள் அது கண்டெடுக்கப்பட்டது. இன்று உலகில் இத்தகைய பெட்டிகள் முப்பது இலட்சத்துக்கும் மேல் உள்ளன.

இந்த எண்ணம் முற்றிலும் புதியதன்று. இங்கிலாந்தின் டார்ட்மூர் என்னும் மேட்டு நிலத்தில், கிரான்மியர் குளம் என்ற எளிதில் செல்ல முடியாத இடத்தில், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி 1854-இல் ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். அங்கு நடந்து சென்றடைந்தவர்கள் தம் பெயர்ச் சீட்டை அதிலிட்டுத் திரும்பினர். 'வந்தேன், கண்டேன்' என்று பெயரெழுதி வைக்கும் ஆசை மனிதனுக்கு என்றும் உண்டு. ஆனால் பெட்டியைத் தேடுமுன் இடத்தை எண்ணாக்கியிருக்க வேண்டும் அல்லவா? அந்தப் பெரும்பணி நம் நாட்டில் தொடங்கிய இடம்தான் பரங்கிமலை.

1802, ஏப்ரல் 10

நிலத்தை அளக்கும் கலை தமிழர்க்குப் புதிதன்று. முதலாம் இராசராச சோழன் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சோழ நாடு முழுவதும் அளக்கப்பட்டதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அளந்த கோலுக்கு 'உலகளந்த கோல்' என்பது பெயர். ஆனால் அது வயலின் பரப்பை அறிய எழுந்த அளவை. ஓர் ஊர் பூமிப்பந்தின் எப்புள்ளியில் உள்ளது என்பதை அறிய வேறொரு முறை தேவைப்பட்டது.

வில்லியம் லாம்ப்டன் ஆங்கிலப் படையின் 33-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்தவர். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரின்போது நள்ளிரவில் ஒரு படை இருளில் வழிதவறி எதிரிகள் இருக்கும் திசை நோக்கியே சென்றது என்றும், லாம்ப்டன் விண்மீன்களைக் கொண்டு திசையறிந்து எச்சரித்தார் என்றும் கூறுவர். போர் முடிந்தபின் தென்னிந்தியாவை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை முக்கோணங்களால் அளக்கும் திட்டத்தை அவர் முன்வைத்தார். சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஒப்புதல் அளித்தார்.

முக்கோண முறையின் அடிப்படை எளிது. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நீளமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டு அறியலாம். பள்ளியில் நம் பிள்ளைகள் படிப்பதே இது. அறிந்த பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம், அதன்மேல் இன்னொன்று என்று நாடு முழுவதும் கட்டிச் செல்லலாம். காடும் மலையும் குறுக்கிட்டாலும் உச்சியிலிருந்து உச்சியைப் பார்த்தால் போதும். ஆனால் முதல் பக்கத்தை மட்டும் தரையில் கையாலேயே அளந்தாக வேண்டும். அதில் நேரும் சிறு பிழையும் நாடு முழுவதற்கும் பரவிவிடும்.

அந்த முதற்பக்கம், அதாவது அடிக்கோடு, 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே தொடங்கிற்று. அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி அது நீண்டது. நீளம் ஏறக்குறைய 40,006 அடி. இன்றைய கணக்கில் 12 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. நம் வாசகர் பலர் நாள்தோறும் பேருந்தில் கடக்கும் தென்சென்னைப் பகுதிதான் அது.

அளக்கும் கருவி 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அதற்கும் ஒரு கதை உண்டு. சீனப் பேரரசருக்குப் பரிசாக அனுப்பப்பட்ட பொருள்களுள் அதுவும் ஒன்று. அவர் அதனை ஏற்காமல் போகவே, கை மாறி லாம்ப்டனிடம் வந்து சேர்ந்தது. அச்சங்கிலியைத் தரையில் போட்டு இழுத்துவிடவில்லை. முக்காலிகளின்மேல் மரப்பெட்டிகளை வரிசையாக நிறுத்தி, அவற்றினுள் சங்கிலியைப் பரப்பி, வெயில் படாமல் காத்து, வெப்பமானி வைத்து ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்தனர். ஏன் இத்தனை கவனம்? வெப்பம் 10 பாகை மாறினால் 100 அடி எஃகு ஏறக்குறைய 3.5 மில்லிமீட்டர் நீளும். மிகச் சிறிய அளவுதான். ஆனால் 400 முறை அளக்கும்போது அது 1.4 மீட்டர் ஆகிவிடும். சென்னையின் சித்திரை வெயிலில் அந்த வேலை எத்தகையது என்பதைச் சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இக்கோட்டின்மேல் எழுந்த முக்கோணங்கள் மேற்கே மங்களூர்க் கடற்கரை வரை சென்றன. தீபகற்பத்தின் அகலம் பழைய வரைபடங்கள் காட்டியதைவிட ஏறத்தாழ 40 மைல் குறைவு என்பது தெரிய வந்தது. பின்னர்த் தெற்கே குமரிமுனை வரையும், வடக்கே இமயத்தின் அடிவாரம் வரையும் அளவை நீண்டது. லாம்ப்டன் இறுதிவரை அப்பணியிலேயே இருந்து, 1823 சனவரியில் இன்றைய மகாராட்டிர மாநிலத்திலுள்ள ஹிங்கன்காட்டில் உயிர்நீத்தார். அவருக்குப்பின் ஜார்ஜ் எவரெஸ்ட் பொறுப்பேற்றார். உலகின் மிக உயர்ந்த சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று 1856-இல் அறிவிக்கப்பட்டதும் இந்த அளவையின் விளைவே. அக்கணக்கைச் செய்தவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளிக் கணிதவியலார். சிகரத்திற்கு இடப்பட்டதோ எவரெஸ்டின் பெயர்.

இசைவு கேட்காத கண்கள்

லாம்ப்டனின் கோணமானி ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது. இங்கிலாந்திலிருந்து அதனை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டு சென்றனர். அது அறிவியல் கருவி என்று அறிந்ததும் அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் மதிப்போடு சென்னைக்கு அனுப்பி வைத்தார். பகைவரிடையேயும் அறிவுக்கு இருந்த மரியாதை அது.

காவிரிச் சமவெளியில் மலைகள் இல்லை. உயரமான இடம் வேண்டுமானால் கோயில் கோபுரங்களே உண்டு. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உயரத்திற்கு அந்தக் கருவியைக் கயிறு கட்டி ஏற்றினர். கயிறு அறுந்தது. கருவி கட்டடத்தில் மோதி அதன் வட்டம் வளைந்தது. லாம்ப்டன் பல வாரங்கள் தனித்திருந்து, சிறு சுத்தியலும் திருகும் கொண்டு, வளைந்த வட்டத்தைத் தம் கையாலேயே நேராக்கினார். அவருடைய பொறுமையை எவரும் போற்றுவர். ஆயினும் இன்னொரு கேள்வியும் எழாமல் இல்லை. ஒரு மக்கள் கூட்டம் கருவறைக்கு மேல் எதனையும் ஏற்றத் தயங்கும் இடத்தில், அரை டன் எடையைக் கயிற்றில் தொங்கவிட்டவர்கள் யாரிடம் மனத்தார இசைவு பெற்றனர்? அளப்பதற்கு ஆணை இருந்தது. ஆணையும் இசைவும் ஒன்றல்ல.

எவரெஸ்டின் காலத்தில் இது மேலும் முற்றியது. பார்வைக் கோட்டை மறைத்த மரங்கள் வெட்டப்பட்டன. சில இடங்களில் வீடுகளும் தப்பவில்லை. உயரத்திலிருந்து தொலைநோக்கியால் தம் வீட்டுப் பெண்டிரைப் பார்க்கின்றனர் என்று ஊரார் சினந்ததும் உண்டு. அது அறியாமை என்று எளிதில் தள்ளிவிடலாம். ஆனால் நம் வீட்டு மாடிக்கு எதிரே முன்பின் அறியாத ஒருவர் தொலைநோக்கியோடு நின்றால் நமக்கு எப்படியிருக்கும்?

பெயரில்லாத தோள்கள்

இந்த வரலாற்றைப் படிக்கும்போது என் மனத்தை மிகவும் வருத்துவது ஒன்று உண்டு. அந்தக் கருவியை மலைக்கு மலை சுமந்தவர் யார்? சங்கிலி இருந்த பெட்டிகளைச் சித்திரை வெயிலில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தவர் யார்? தொலைவிலிருந்த குன்றின்மேல் கொடியைப் பிடித்து நின்றவர் யார்? சென்னை மாநிலத்தின் கூலியாள்களும் சிப்பாய்களும் அல்லவா? 1819-இல் எவரெஸ்ட் கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளுக்கு இடைப்பட்ட காட்டில் அளந்தபோது உடன் சென்றவர்களில் பெரும்பாலோர் கடுங்காய்ச்சலில் விழுந்தனர். சிலர் வழியிலேயே இறந்தனர். எவரெஸ்ட் உடல் தேறுவதற்காக நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலேறினார். கூலியாள் எங்கே போவான்?

கருவியின் எடை ஏட்டில் இருக்கிறது. சங்கிலியின் நீளம் அங்குலத்தின் பின்னம் வரை எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சங்கிலியைச் சுமந்தவர்களின் பெயரைத்தான் காணோம். இன்று பரங்கிமலைமீது லாம்ப்டனுக்கு மார்பளவுச் சிலை உண்டு. அவர் அதற்குத் தகுதியானவரே. ஆனால் அச்சிலையைச் சுற்றி நிற்க வேண்டிய நூற்றுக்கணக்கான முகங்களை நாம் கற்பனையில்தான் காண வேண்டும்.

சென்னை தந்த புள்ளி

லாம்ப்டனின் கணக்கிற்கு ஒரு தொடக்கப் புள்ளி தேவைப்பட்டது. அதையும் சென்னையே தந்தது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் மைக்கேல் டாப்பிங் முயற்சியால் வானாய்வுக் கூடம் எழுந்தது. அங்கே கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் தமிழ் உட்படப் பல மொழி எழுத்துகளோடு இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அந்தக் கூடத்தின் தீர்க்கரேகையே நாட்டின் அளவைக்கு ஆதாரமாயிற்று. அதே டாப்பிங் 1794-இல் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் வளர்ந்து இன்றைய கிண்டிப் பொறியியற் கல்லூரியாக விளங்குகிறது. அசோக் நகர்த் தூணின் அருகே நின்று பார்த்தால் நுங்கம்பாக்கம், கிண்டி, பரங்கிமலை ஆகிய மூன்றும் சில கல் தொலைவுக்குள் அடங்கிவிடும். இடத்தை எண்ணாக்கும் கலை நம் தெருவோரத்தில் வளர்ந்திருக்கிறது. நாம்தான் அறியவில்லை.

இன்றைய கைப்பேசியும் அந்த வழியில் வந்ததே. லாம்ப்டன் மலையுச்சிகளைப் பார்த்துக் கோணத்தை அளந்தார். கைப்பேசி 20,000 கிலோமீட்டருக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள்களின் குறி வந்து சேரும் நேரத்தைக் கொண்டு தொலைவை அளக்கிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தெரிந்தால் இடம் புலப்படும். நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தொலைவில் 300 மீட்டர் தவறும். ஆகவே ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் அணுக் கடிகாரம் உண்டு. நம் நாடும் 2013 சூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இவ்வகையில் முதல் செயற்கைக்கோளை ஏவிற்று. 2016-இல் இந்த அமைப்புக்கு நாவிக் என்று பெயரிடப்பட்டது.

தேடுவோர்க்குச் சில நெறிகள்

நம் பங்குகளில் இளைஞர்கள் பலர் இன்று இத்தகைய பொழுதுபோக்கில் ஈடுபாடு காட்டக்கூடும். நல்லதே. உடலுக்கு நடை, அறிவுக்குக் கணக்கு, மனத்திற்கு இயற்கை. பெருஞ்செலவும் இல்லை. கைப்பேசியும், ஒரு பேனாவும், கைவிளக்கும், குடிநீரும், காலுக்கு உறுதியான செருப்பும் போதும். பாம்பும் தேளும் உள்ள நாடாகையால் பொந்திலும் கல்லிடுக்கிலும் வெறுங்கையை விடலாகாது. கட்டடங்கள் நெருங்கிய தெருவில் கருவி சில மீட்டர் தவறக்கூடும் என்பதால் கடைசிப் பத்தடியைக் கண்ணும் அறிவும்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த விளையாட்டுக்காரர்கள் தமக்கென வகுத்துக்கொண்ட நெறிகள் சிந்தனைக்குரியவை. நிலத்துக்கு உரியவரின் இசைவின்றிப் பெட்டி வைக்கலாகாது. மண்ணைத் தோண்டிப் புதைக்கலாகாது. ஒரு பெட்டிக்கும் மற்றொன்றுக்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும். உணவுப் பொருளையோ அபாயமான பொருளையோ உள்ளே வைக்கலாகாது. ஒன்றை எடுத்தால் அதற்கு ஈடான அல்லது அதைவிட மேலான ஒன்றை வைக்க வேண்டும். கண்டதைக் கண்டபடியே வைத்துவிட்டு, வழியில் கிடக்கும் குப்பையையும் பொறுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். எவரும் கண்காணிக்காத இடத்தில் கடைப்பிடிக்கப்படும் நேர்மை இது. முன்பின் அறியாத ஒருவர் மீது வைக்கும் நம்பிக்கையால்தான் அந்தச் சிறு பெட்டி அங்கே இருக்கிறது.

நம் நாட்டுச் சூழலில் இன்னும் சில எச்சரிக்கைகள் தேவை. கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டி என்றால் இங்கே அச்சம்தான் எழும். தொடர்வண்டி நிலையம், மெட்ரோ நிலையம், கோயில், ஆலயம், மசூதி, அங்காடி போன்ற மக்கள் கூடும் இடங்களில் எதனையும் மறைத்து வைப்பது விளையாட்டாகாது. படைத்துறை நிலம், விமான நிலையச் சூழல், தொல்லியல் துறையின் காப்பிலுள்ள சின்னங்கள் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். காப்புக் காட்டுக்குள் வனத்துறையின் இசைவின்றிச் செல்லலாகாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் உயிரிழந்ததை நாம் மறந்துவிடவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் உரிமமின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசி கொண்டு வந்தால் அது குற்றம் என்பதையும் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம். வரைபடம் வரைவதிலும் நில விவரம் சேர்ப்பதிலும் முன்பிருந்த கட்டுப்பாடுகள் பலவற்றை 2021 பிப்ரவரியில் நடுவணரசு தளர்த்தியது என்றாலும், பாதுகாப்புக்குரிய இடங்கள் பாதுகாப்புக்குரியவையே.

மலைமேல் கிடைத்த புதையல்

விடுமுறை முடியும் தறுவாயில் பேரனும் நானும் பரங்கிமலைக்குச் சென்றோம். அசோக் நகரில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது நிலையம். அடையாற்றைக் கடந்து நொடியில் போய்ச் சேர்ந்துவிடலாம். அர்மீனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் 18-ஆம் நூற்றாண்டில் தம் செல்வத்தால் அமைத்துக் கொடுத்த படிகளில் மெல்ல ஏறினோம். திருத்தூதர் தோமையாரின் நினைவு போற்றப்படும் இம்மலையில் போர்த்துக்கீசியர் 1523-இல் எழுப்பிய அன்னையின் ஆலயம் நிற்கிறது. ஐயம் கொண்டு, தொட்டுப் பார்த்தே நம்புவேன் என்ற திருத்தூதரின் மலையில், அளந்து பார்த்தே எழுதுவேன் என்ற ஒருவர் தம் பணியைத் தொடங்கியது ஒரு பொருத்தம்தான் என்று எனக்குத் தோன்றிற்று.

பேரன் பையில் ஒரு சிறு பெட்டி வைத்திருந்தான். படியோரத்துப் பாறையிடுக்கில் அதனை மறைத்துவிட்டு ஊருக்குப் போக அவனுக்கு ஆசை. "யாரிடம் கேட்டாய்?" என்றேன். அவன் முகம் வாடியது. லாம்ப்டனின் கோபுரக் கதையை அவனுக்குச் சொன்னேன். திருப்பயணிகள் வரும் இடத்தில் ஒரு பெட்டி என்ன கலக்கத்தை உண்டாக்கும் என்பதையும் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, பெட்டியே இல்லாத ஒரு வகையும் தன் விளையாட்டில் உண்டு என்றான். நிலத்தின் அமைப்பைக் கண்டு அதுபற்றிய கேள்விக்கு விடை சொல்வதே அதில் புதையல்.

அப்படியானால் நீ நிற்பதே புதையலின் மேல்தான் என்றேன். இந்தப் பகுதியின் கரும்பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் யோப் சார்னாக் என்பவரின் கல்லறைக்குச் சென்னைப் பகுதிக் கல் பயன்பட்டிருந்தது. அக்கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்ற புவியியலார் 1893-இல் அதற்கு அவர் பெயரையே இட்டார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பரங்கிமலைச் சார்னோகைட்டைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. உலகெங்கும் இவ்வகைப் பாறைக்கு வழங்கும் பெயர் நம் மலையின் கல்லிலிருந்து சென்றது. பேரன் குனிந்து அந்தப் பாறையைத் தடவிப் பார்த்தான். பெட்டி பைக்குள்ளேயே இருந்தது.

உச்சியில் மதிலோரம் அமர்ந்தோம். வடக்கே எங்கள் அசோக் நகர் கட்டடக் கூட்டத்தினுள் மறைந்து கிடந்தது. அவன் குறிப்பேட்டைத் திறந்து, எங்கள் பழைய வீட்டின் எண்களை எழுதிய பக்கத்தை என்னிடம் நீட்டினான். "பெட்டியைக் கண்டால் பெயர் எழுத வேண்டும் தாத்தா. இந்த வீட்டில் இருந்தவர்களின் பெயரை நீங்கள் எழுதுங்கள்."

தந்தை, தாய், பாட்டி, இரண்டு தங்கைகள், என் பெயர் என்று எழுதினேன். பிறகு பேனா நின்றது. எங்களை வளர்த்தெடுத்த ஒருவர் அந்த வீட்டில் இருந்தார். அதிகாலையில் வந்து சாணம் தெளித்துக் கோலமிட்டு, பாத்திரம் துலக்கி, காய்ச்சலில் கிடந்த எனக்குக் கஞ்சி புகட்டி, இருட்டிய பின் தம் வீட்டிற்கு நடந்து போவார். பதினெட்டு ஆண்டுகள். ஆயா என்றே அழைத்தோம். அவருடைய பெயர் எனக்குத் தெரியவில்லை.

லாம்ப்டனின் ஏட்டில் கூலியாள்களின் பெயர் இல்லை என்று குறைப்பட்டவன் நான். என் ஏட்டிலும் இல்லை.

ஊர் திரும்பியதும் என் மூத்த தங்கைக்குத் தொலைபேசியில் பேசினேன். அவளுக்கும் தெரியவில்லை. இளையவள் சற்று யோசித்து, "மரியம்மாள் என்று அம்மா ஒருமுறை சொன்ன நினைவு" என்றாள். உறுதியில்லை. ஆயினும் பேரன் விமானம் ஏறுமுன் அந்தப் பக்கத்தில் அப்பெயரையும் எழுதினேன். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இட்டேன்.

இடத்தை எண்ணால் குறிக்க 200 ஆண்டுகளுக்கு முன் இம்மலையில் கற்றுக்கொண்டோம். இன்று எந்த இடமும் தொலைந்து போவதில்லை. மனிதர் தொலையாமல் காப்பதற்கு எந்தச் செயற்கைக்கோளும் இல்லை. அதனை நாம்தான் செய்ய வேண்டும். அன்பார்ந்த வாசகரே, உங்கள் பழைய வீட்டில் உழைத்தவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் இன்றே எழுதி வையுங்கள். தெரியாவிட்டால், சொல்லக்கூடியவர் இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.